கோமுகத்தின் கணக்கை எங்களுக்கும் காட்டுங்கள்

அறிவியல் தொழில்நுட்பத் துறை, ஜல் சக்தி அமைச்சகம், சுற்றுச்சூழல் அமைச்சகம் ஆகிய மூன்றிலும் இமயமலைப் பனியாறுகளின் கோப்பு யார் மேசையில் இருக்கிறதோ அவர்களுக்கு,

வணக்கம்.

மூன்று இடங்களுக்கும் சேர்த்து ஒரே மடலாக எழுதக் காரணம், பனி ஒருவரிடமும் அதிலிருந்து வரும் தண்ணீர் இன்னொருவரிடமும் அது கிடக்கும் மலை மூன்றாமவரிடமுமாகப் பிரிந்து கிடப்பதுதான். தமிழில் எழுதினால் டெல்லியில் யார் படிப்பார்கள் என்று நண்பர் ஒருவர் கேட்டார். அங்கே மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள், நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்க எங்கள் உறுப்பினர்களும் இருக்கிறார்கள், யாராவது ஒருவர் படித்தால் போதும்.

கேட்க வந்தது ஒன்றுதான். உத்தராகண்டில் கங்கை பிறக்கும் கங்கோத்ரி பனியாற்றைப் பற்றி அரசு நிறுவனங்களிடம் இருக்கும் அளவுகள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில், வருடா வருடம், யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கும்படி வெளியிடுங்கள். எத்தனை மீட்டர் பின்வாங்கியது என்ற ஒற்றை எண்ணை மட்டும் கேட்கவில்லை. எவ்வளவு மெலிந்தது, எவ்வளவு பனி போட்டது, எவ்வளவு உருகியது, கீழே எவ்வளவு தண்ணீர் ஓடியது, எல்லாம்தான் வேண்டும்.

இந்தப் பனியாற்றுக்கு இருக்கும் ஆவணங்கள் இமயமலையில் வேறு எதற்கும் இருக்குமா என்று தெரியவில்லை, அவ்வளவு நீளமான கதை. 1808இல் கங்கையின் மூலத்தைத் தேடி அனுப்பப்பட்ட வெப் என்ற அதிகாரியின் குழு, பனியாறு முடிந்து ஆறு தொடங்கும் முகப்பான கோமுகத்தை எட்டாமலே திரும்பியது. 1817 மே 31ஆம் தேதி ஹாட்ஜ்சன், ஹெர்பர்ட் என்ற நில அளவை அதிகாரிகள் அங்கே போய்ச் சேர்ந்தார்கள். பெரிய பனிப்படுகையின் அடியில் ஒரு தாழ்ந்த வளைவு, அதன் கீழிருந்து வெளியே வரும் பாகீரதி, வளைவுக்கு மேலே தொங்கும் பனி விழுதுகள் என்று ஹாட்ஜ்சன் எழுதி வைத்தார். மகாதேவரின் சடை என்று மக்கள் சொல்வது இதைப் பார்த்துத்தான் வந்திருக்கும் என்று ஒரு யூகத்தையும் சேர்த்துக்கொண்டார். 1866இல் சாமுவேல் போர்ன் கேமராவைத் தூக்கிக்கொண்டு போய்ப் படம் எடுத்தார், அந்தக் காலத்துக் கண்ணாடித் தகட்டுப் பெட்டிகளோடு அந்த ஏற்றத்தில் போயிருக்கிறார் என்பதை நினைத்தாலே மூச்சு வாங்குகிறது. 1935இல் இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தின் ஜே. பி. ஆடன், அப்போது டெஹ்ரி கர்வால் சமஸ்தானமாக இருந்த இடத்தில், பனியாற்றின் முகப்பை முறையாக வரைபடமாக்கினார். 1956இல் அதே நிறுவனத்தின் ஜங்பங்கி மறுபடி போய் அளந்தார்.

இன்றைக்கு நாம் சொல்லும் எந்த எண்ணையும் ஏதோ ஒரு வகையில் ஆடனின் அந்த வரைபடத்தோடுதான் ஒப்பிடுகிறோம். 1935க்கும் 1996க்கும் இடையில் முகப்பு சுமார் 1,147 மீட்டர் பின்வாங்கியது என்பது தரை அளவீடுகளை வைத்துச் சொல்லப்படும் கணக்கு. வருடத்துக்குச் சராசரியாகப் பத்தொன்பது மீட்டர்.

அப்புறம் செயற்கைக்கோள் வந்தது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1960களில் கங்கோத்ரி எப்படி இருந்தது என்பதை நமக்குக் காட்டிக்கொண்டிருப்பது அமெரிக்க உளவுப் படம். கொரோனா என்ற பெயரில் சுற்றிய அந்த உளவு செயற்கைக்கோள்கள் சோவியத்தையும் சீனாவையும் படம் பிடிக்க அனுப்பப்பட்டவை, படச்சுருளைக் கூட்டில் அடைத்துப் பாராசூட்டில் கீழே விடுவார்கள், விமானம் ஒன்று கொக்கி போட்டு அதை நடுவானில் பிடிக்கும். போகிற வழியில் நம் மலைகளும் அதில் விழுந்தன. 1995இல் அமெரிக்கா அந்தப் படங்களின் ரகசியத்தை நீக்கியது, அடுத்து வந்த ஹெக்ஸகன் உளவு செயற்கைக்கோள் படங்களும் பிறகு வெளியே வந்தன. நம் விஞ்ஞானிகள் அவற்றையும் நம் கார்ட்டோசாட் செயற்கைக்கோள் படங்களையும் அடுக்கி வைத்துப் பார்த்து, 1965 முதல் 2006 வரை முகப்பு 819 மீட்டர் பின்வாங்கியிருக்கிறது என்று 2012இல் கணக்குச் சொன்னார்கள். அதாவது நம் நாட்டுப் பனியாற்றின் நாற்பத்தொரு வருடத்து வரலாற்றை நாம் தெரிந்துகொண்டது, வேறொரு நாடு தன் உளவுத் துறைப் படங்களையே பொதுவில் வைத்ததால். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே மறுபடி இதற்கு வருவேன்.

சரி, இத்தனை ஆவணம் இருக்கும்போது குழப்பம் எங்கே என்று கேட்பீர்கள். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் ஒரு புகழ்பெற்ற படம் இருக்கிறது, வண்ணக் கோடுகளில் வெவ்வேறு வருடங்களின் முகப்பு குறித்திருக்கும், செய்தித்தாள்களும் பாடப் புத்தகங்களும் திரும்பத் திரும்பப் போடுவது அதைத்தான். இருபதாம் நூற்றாண்டின் கடைசி 25 வருடங்களில் மட்டும் 850 மீட்டருக்கு மேல் என்கிறது அது. மேலே சொன்ன 2012 கணக்கோ 41 வருடத்துக்கே 819 மீட்டர்தான். இரண்டும் ஒரே பனியாறு. ஏன் இந்த வித்தியாசம்? 1960களின் நில அளவை வரைபடங்களில் சில இடங்களில், வான்வழிப் படத்தில் புதுப்பனி மூடியிருந்த பகுதியையும் பனியாறு என்றே வரைந்துவிட்டார்கள் என்று இத்துறையினர் பல காலமாகச் சொல்லி வருகிறார்கள். அப்படிப்பட்ட வரைபடத்தை இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு ஒப்பிட்டால் இல்லாத பனி உருகியதாகக் கணக்கு வரும். முகப்பு எது என்று முடிவு செய்வதிலும் சிக்கல் உண்டு. கோமுகத்தின் முன்பக்கம் வழித்தெடுத்த மாதிரி ஒரே நேர்கோடாக இருக்காது, ஒரு பக்கம் நீண்டும் ஒரு பக்கம் உள்வாங்கியும் இருக்கும், நடுவில் அளந்தால் ஒரு எண், ஓரத்தில் அளந்தால் வேறு எண்.

இதையெல்லாம் அலசி, இந்த வருடத்துக்கு இந்த அளவு, இன்ன முறையில், இவ்வளவு பிழை வரம்போடு என்று ஒரு அதிகாரப்பூர்வ அட்டவணையை நீங்கள் பராமரித்து வெளியிட்டிருந்தால் நான் இந்த மடலை எழுத வேண்டியதே இல்லை.

அந்த அட்டவணை இல்லாததன் விலையை ஒருமுறை கொடுத்தும் பார்த்துவிட்டோம். 2007இல் ஐநாவின் காலநிலை மாற்றக் குழுவான ஐபிசிசியின் அறிக்கை, இமயப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிடும் வாய்ப்பு மிக அதிகம் என்றது. பத்திரிகைப் பேட்டி ஒன்றிலிருந்து தன்னார்வ அமைப்பின் அறிக்கைக்குப் போய், அங்கிருந்து ஐபிசிசிக்குள் நுழைந்த தவறு அது, 2010 ஜனவரியில் அவர்களே வருத்தம் தெரிவித்துப் பின்வாங்கினார்கள். அதற்குச் சில மாதம் முன்பு, 2009 நவம்பரில், நம் சுற்றுச்சூழல் அமைச்சகம் புவியியல் ஆய்வு நிறுவனத்தில் இருந்த வி. கே. ரெய்னா எழுதிய ஆய்வறிக்கை ஒன்றை வெளியிட்டது. பனியாறுகள் இயல்புக்கு மாறாகப் பின்வாங்குவதாகச் சொல்ல ஆதாரம் இல்லை, கங்கோத்ரி 2007 செப்டம்பருக்கும் 2009 ஜூனுக்கும் இடையில் ஏறக்குறைய அசையாமல் நின்றது என்றது அது. ஐபிசிசி தலைவராக இருந்த பச்சௌரி அதை மந்திரவாத அறிவியல் என்று கிண்டல் செய்தார். கடைசியில் தவறு அவர் பக்கம் இருந்ததும் வெளிப்பட்டது. அன்றிலிருந்து வாட்ஸப்பில் ஒரு கூட்டம் எல்லாம் அழிந்தது என்கிறது, இன்னொரு கூட்டம் எல்லாம் புரளி என்கிறது, இரண்டு பேருக்கும் காட்டுவதற்கு நம் கையில் ஒரு தாள் இல்லை.

நின்றது என்று சொன்னதும் முழுப் பொய் இல்லை என்பதுதான் இதில் நுட்பமான இடம், இதை யாராவது மக்களுக்குப் பொறுமையாகச் சொல்ல வேண்டும். 2006க்குப் பிறகு கங்கோத்ரி முகப்பின் பின்வாங்கல் உண்மையிலேயே மெதுவானது. 1965 முதல் 2015 வரை சுமார் 890 மீட்டர் என்று கணக்கிட்ட 2016ஆம் ஆண்டு ஆய்வு, கடைசிப் பத்து வருடத்தில் வேகம் வருடத்துக்கு 9 மீட்டர் அளவுக்குக் குறைந்ததைக் காட்டியது. கேட்டதும் நல்ல செய்தி மாதிரி இருக்கிறது. ஆனால் அதே ஆய்வில், அதே காலத்தில் பனியாறு மெலியும் வேகம் கூடியிருந்தது. முகப்பு நிற்கிறது, உடம்பு இளைக்கிறது.

காரணம் கல்லும் மண்ணும். கோமுகத்தில் போய் நின்றால் வெள்ளைப் பனி என்று கண்ணுக்குப் பெரிதாக எதுவும் படாது. அழுக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு சுவர், அதன் வெடிப்புகளில் மட்டும் நீலம், வெயில் ஏற ஏற மேலிருந்து சரளைக்கல் பொலபொலவென்று உதிர்ந்துகொண்டே இருக்கும், கீழே பொங்கி வரும் தண்ணீர் சிமெண்ட் கரைத்த நிறம். பனியாற்றின் கீழ்ப்பகுதி முழுக்க இப்படிக் கல் போர்த்திக் கிடக்கிறது. கனமாகக் கல் மூடிய இடத்தில் வெயிலின் சூடு பனிவரைக்கும் இறங்குவதில்லை, அதனால் முகப்பு சட்டென்று பின்னால் போகாது. அதற்கு மேலே, கல் மெல்லிசாக இருக்கும் இடத்திலும் பனி வெளியே தெரியும் இடத்திலும் உயரம் குறைந்துகொண்டே போகும். இஸ்ரோவின் படங்களை வைத்து 2001 முதல் 2011 வரை 2,018 பனியாறுகளைப் பார்த்த ஆய்வில் கிட்டத்தட்ட 87 சதவீதம் நிலையாக இருப்பதாக முடிவு வந்ததே, அதுவும் முகப்பை வைத்துப் பார்த்ததுதான். அந்த எண்ணை யாராவது மேடையில் ஆறுதலாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். எண்ணில் தவறில்லை, அது பதில் சொல்லும் கேள்வி வேறு. அதே ஹெக்ஸகன் உளவுப் படங்களை வைத்து 650 பனியாறுகளின் உயரத்தை அளந்த 2019ஆம் ஆண்டு ஆய்வு, 2000க்குப் பிறகு பனி குறையும் வேகம் அதற்கு முந்தைய கால் நூற்றாண்டைவிட இரண்டு மடங்கு என்று காட்டியது.

பனியாறு என்பது ஒரு வரவு செலவுப் புத்தகம். குளிர்காலத்துப் பனி வரவு, கோடையில் உருகுவது செலவு, முகப்பு பின்வாங்குவது பல வருடம் கழித்து வரும் நோட்டீஸ். புத்தகத்தைப் பார்க்காமல் நோட்டீஸை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

அந்தப் புத்தகத்தை எழுதுவதற்குச் செயற்கைக்கோள் மட்டும் போதாது, மனிதர்கள் ஏற வேண்டும். மூங்கில் கம்புகளை எடுத்துக்கொண்டு போய், நீராவித் துளைப்பான் வைத்துப் பனியில் பல மீட்டர் ஆழத்துக்குத் துளை போட்டு இறக்கிவிடுகிறார்கள். கோடை முடிந்ததும் மறுபடி போய், கம்பு எவ்வளவு வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது என்று டேப் வைத்து அளக்கிறார்கள். ஒரு மீட்டர் நீட்டினால் அந்த இடத்தில் ஒரு மீட்டர் பனி போய்விட்டது என்று அர்த்தம். மேல்பகுதியில் குழி தோண்டி, அந்த வருடம் விழுந்த பனி எத்தனை அடுக்கு, அடர்த்தி எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்கிறார்கள். கம்பு சில சமயம் சாய்ந்து கிடக்கும், சில சமயம் காணாமலே போயிருக்கும். நாலாயிரம், ஐந்தாயிரம் மீட்டர் உயரத்தில் செய்கிற வேலை இது. இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌலில் சோட்டா ஷிக்ரி பனியாற்றில் 2002 முதல் டெல்லி ஜேஎன்யூ பல்கலைக்கழகக் குழு விடாமல் இதைச் செய்து வருகிறது, இந்தியாவில் இவ்வளவு நீளமான தொடர் வேறு இல்லை. 2014 வரைக்கும் வருடத்துக்குச் சராசரியாக 0.56 மீட்டர், அதாவது பனியை உருக்கித் தண்ணீராக்கிப் பனியாறு முழுக்கப் பரப்பினால் வரும் உயரம், குறைந்துகொண்டு வந்திருக்கிறது. புவியியல் ஆய்வு நிறுவனத்தின் பட்டியலில் 9,575 பனியாறுகள். இப்படிப் பத்து வருடத்துக்கு மேல் தொடர்ந்து கம்பு நட்டு அளந்தவை விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

இப்படியிருக்க, டேராடூனில் வாடியா இமாலயப் புவியியல் நிறுவனத்தில் 2009இல் தொடங்கிய பனியாற்றியல் மையத்தை 2020இல் மூடினீர்கள். அறிவியல் தொழில்நுட்பத் துறைக்காரர்களே, இது உங்களிடம்தான். அடுத்த பிப்ரவரி 7ஆம் தேதி உத்தராகண்டின் சமோலியில் ரோன்டி சிகரத்திலிருந்து பாறையும் பனியும் பெயர்ந்து ரிஷிகங்காவில் இறங்கி, தபோவன் நீர்மின் திட்டத்தின் சுரங்கத்தில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் உட்பட இருநூறு பேருக்கு மேல் போனார்கள். மையம் இருந்திருந்தால் தடுத்திருக்கலாம் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்வது நேர்மையும் இல்லை. ஆனால் கம்பு நடும் தொடர் ஒரு வருடம் அறுந்தால் அந்த வருடத்தை எந்தச் செயற்கைக்கோளாலும் பின்னால் போய் அதே நுணுக்கத்தில் அளக்க முடியாது. கட்டடத்தைத் திரும்பத் திறக்கலாம், விட்டுப்போன வருடம் வராது.

இப்போது ஜல் சக்தி அமைச்சகம். நான் காவிரிக் கரைக்காரன். முசிறியில் காவிரியில் எந்த நாளில் எவ்வளவு தண்ணீர் ஓடியது என்பதை உங்கள் இணையதளத்தில் எடுத்துப் பார்க்க முடிகிறது, பழைய வருடங்கள் உட்பட. காவிரியைவிடச் சண்டை பிடித்த ஆறு இந்தியாவில் எது? அதற்கே கணக்கு திறந்திருக்கிறது. கங்கை, சிந்து, பிரம்மபுத்திரா மூன்றுக்கும் நீரோட்ட அளவுகள் ரகசியப் பட்டியலில். ஆராய்ச்சியாளர் விண்ணப்பம் போட்டு, உறுதிமொழி எழுதிக் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். எல்லை தாண்டும் ஆறுகள், கங்கை நீரைப் பங்கிட வங்கதேசத்தோடு 1996இல் போட்ட ஃபராக்கா ஒப்பந்தம் முப்பது வருடத்துக்கானது, 2026 டிசம்பரில் முடிகிறது, பேச்சுவார்த்தை நேரத்தில் கையில் உள்ள சீட்டைக் காட்ட மாட்டீர்கள். புரிகிறது. ஆனால் கோமுகத்துக்குச் சற்றுக் கீழே போஜ்பாசாவில் ஓடும் பனி உருகிய தண்ணீருக்கும், ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், யமுனையும் காக்ராவும் கண்டகியும் சோனும் கோசியும் வந்து சேர்ந்த பிறகு வரும் ஃபராக்கா அணைக்கும் என்ன பேரம் இருக்கிறது? எதிரிக்குப் பயன்படும் என்று அமெரிக்கா பூட்டி வைத்திருந்த படங்களே வெளியே வந்துவிட்ட காலத்தில், ஓர் ஓடையின் அளவை நாம் பூட்டி வைத்திருக்கிறோம்.

இதில் இன்னொன்று. தபால் நிலையத்தில் கங்கோத்ரியின் கங்கை நீரே பாட்டிலில் கிடைக்கிறது, 2016 முதல் தபால் துறையே விற்கிறது. எங்கள் ஊரில் பூஜைக்கு வாங்குகிறார்கள், ராமேசுவரத்தில் அபிஷேகம் செய்யக் கொண்டுபோகிறவர்களும் உண்டு. தண்ணீரை வாங்கிக் கொள்ளலாம், அது எவ்வளவு ஓடியது என்று மட்டும் கேட்கக் கூடாதா?

அந்த அளவு ஏன் முக்கியம் என்றால், பனியாறு போனால் கங்கையே வற்றிவிடும் என்று ஒரு பக்கம் பயமுறுத்துகிறார்கள், கங்கைக்கு மழைதான் ஆதாரம், பனி ஒரு பொருட்டே இல்லை என்று இன்னொரு பக்கம் சொல்கிறார்கள். பாட்னாவில் நிற்பவருக்கு இரண்டாவது ஓரளவு சரி. மலையில் உள்ள உத்தரகாசியில் நிற்பவருக்கு இல்லை. ஐஐடி இந்தூர் விஞ்ஞானிகள் 1980 முதல் 2020 வரை கங்கோத்ரி பகுதிக்கு மாதிரிக் கணக்குப் போட்டதில், அங்கே ஓடும் தண்ணீரில் 64 சதவீதம் அந்தந்தப் பருவத்துப் பனி உருகியது, 21 சதவீதம் பனியாறு உருகியது, மழை 11 சதவீதம்தான் என்று வந்தது. 1990க்குப் பிறகு உச்ச நீரோட்டம் ஆகஸ்டிலிருந்து ஜூலைக்கு முன்னே வந்துவிட்டதும் தெரிந்தது. ஒரு மாதம் முன்னே வந்துவிட்டது என்பது மின்திட்டம் நடத்துகிறவருக்கும் விவசாயிக்கும் சாதாரண விஷயம் இல்லை. இது கணினியில் போட்ட மாதிரிக் கணக்கு. அதைச் சரிபார்க்க உதவும் நேரடி அளவுகளைத்தான் ரகசியம் என்கிறீர்கள்.

சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு ஒரு சில வரிகள் மட்டும். கோமுகம் முதல் உத்தரகாசி வரை பாகீரதியின் நூறு கிலோமீட்டரை 2012 டிசம்பரில் சூழல் உணர்திறன் மண்டலமாக அறிவித்தீர்கள், நல்ல காரியம், கோமுகத்துக்குப் போகிறவர்களுக்கு நாளைக்கு 150 பேர் என்று வரம்பும் இருக்கிறது. அதே பள்ளத்தாக்கில்தான் 2025 ஆகஸ்ட் 5ஆம் தேதி கீர் கங்கா ஓடை இறங்கி தராலி ஊரின் கடைத்தெருவைச் சில நொடிகளில் மூடியது. அந்த ஓடையின் தலைப்பக்கம் என்ன இருந்தது என்று மறுநாளிலிருந்து ஆளுக்கொரு விளக்கம் கொடுத்தார்கள், மேகவெடிப்பு என்றார்கள், பனியாற்றுச் சிதைவு என்றார்கள், பனியாற்று ஏரி உடைந்தது என்றார்கள். சிக்கிமில் தெற்கு லோனாக் ஏரி ஆபத்தானது என்பது வெகு காலமாகத் தெரிந்தே இருந்தது, 2016இல் குழாய் போட்டுத் தண்ணீரை இழுத்தும் பார்த்தார்கள், 2023 அக்டோபரில் அது உடைத்துக்கொண்டு வந்து சுங்தாங் அணையையே கொண்டுபோனது. இஸ்ரோ 2024இல் வெளியிட்ட கணக்கில், 676 பனியாற்று ஏரிகள் 1984க்குப் பிறகு குறிப்பிடத்தக்க அளவு பெருத்திருக்கின்றன. பாராட்ட வேண்டிய வெளியீடு அது. அதையே ஒவ்வொரு வருடமும், ஏரி வாரியாக, கீழே எந்த ஊர் இருக்கிறது என்ற தகவலோடு போட்டால் கிராம சபையில் வைத்துப் படிக்கலாம்.

உங்கள் தரப்பில் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். தகவல் எல்லாம் ஆய்வுக் கட்டுரைகளில் இருக்கிறது, நாடாளுமன்றத்தில் பதிலும் சொல்லியிருக்கிறோம் என்பீர்கள். சொன்னீர்கள். இந்துகுஷ் இமயமலைப் பனியாறுகளின் சராசரிப் பின்வாங்கல் வருடத்துக்கு 14.9 மீட்டர், கூட்டியோ குறைத்தோ 15.1 மீட்டர் என்று. சராசரியைவிடப் பிழை வரம்பு பெரியது. இதை வைத்துக்கொண்டு பாகீரதிக் கரையில் பட்வாரி ஊர்க்காரரோ ஹர்சிலில் ஆப்பிள் தோட்டம் வைத்திருப்பவரோ என்ன செய்ய முடியும், சொல்லுங்கள்.

அதனால் புதிய இயக்கம், புதிய பெயர்ப்பலகை எதுவும் வேண்டாம். ஆடனின் 1935 வரைபடத்திலிருந்து தொடங்குங்கள். புவியியல் ஆய்வு நிறுவனத்தின் அலமாரியில் இருக்கும் களக் குறிப்பேடுகளை ஸ்கேன் செய்து போடுங்கள். முகப்பு, உயரம், கம்பு அளவுகள், போஜ்பாசா நீரோட்டம் நான்கையும் ஒரே பக்கத்தில் சேருங்கள். எந்த வருடம் அளக்கவில்லையோ அந்தக் கட்டத்தைக் காலியாகவே விடுங்கள், சராசரி போட்டு நிரப்ப வேண்டாம், காலிக் கட்டம் எத்தனை என்று பார்த்தாலே யார் மூடினார்கள், யார் தொடர்ந்தார்கள் என்று தெரிந்துவிடும். கம்பு நடப் போகிற ஆராய்ச்சி மாணவர்களுக்கு உதவித்தொகை மாதாமாதம் போய்ச் சேரட்டும்.

2025 முதல் மார்ச் 21 உலகப் பனியாறுகள் தினம். ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு டெல்லியில் ஒரு கருத்தரங்கு நடக்கும், சால்வை போடுவீர்கள், பரவாயில்லை, அதையும் நடத்திக்கொள்ளுங்கள். அடுத்த மார்ச் 21 அன்று அந்த அட்டவணையின் முதல் பதிப்பும் இணையத்தில் இருக்க வேண்டும். தமிழில் வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை, எண்கள்தானே, படித்துக்கொள்வோம். பிடிஎஃப்பாக மட்டும் போட்டுவிடாதீர்கள், எக்செல்லாகப் போடுங்கள்.

இப்படிக்கு,
காவிரிக் கரையிலிருந்து ஒருவன்